இரண்டு சம்பளம் வாங்கிய விரல்

கூடுதலாக வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கட்டு, இல்லாவிட்டால் அந்த இன்னொரு ஆளைக் கூட்டிவந்து வேலை செய்ய வை என்று பூட்ஸ் கம்பெனியில் சொன்ன மறுநாள் காலையில், அந்த இன்னொரு ஆள் வந்து, வடகரைக்குப்பத்து ரேஷன் கடை முனையில், கம்பெனி வண்டிக்காக நிற்கிற பெண்களோடு பெண்ணாக நின்றிருந்தாள். அரக்குப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் உடுத்தி, ஒற்றைப் பின்னலில் கனகாம்பரம் வைத்து, கையில் ஒயர்கூடையோடு, யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும், மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்த அம்சவேணிக்கு அது யார் என்பதில் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அந்தத் தாவணி எந்தக் கடையில் எடுத்தது, வேலிமுள் கிழித்த இடத்தை உள்பக்கம் எந்த நூலால் தைத்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. இவளுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வரவில்லையே என்றுதான் நினைத்தாள்.

வடகரைக்குப்பம் பேய்க்குப் பயப்படுகிற ஊர்தான். ஆனால் பேய் கம்பெனி வண்டிக்கு வரிசையில் நிற்காது, நின்றாலும் சோற்றுக்கூடை கொண்டுவராது என்பதால் யாரும் அலறவில்லை. அம்சவேணியோடு ஒரே மேஜையில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிற ரெஜினா மட்டும், பெரியவளையும் சின்னவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாடி அம்சா, உனக்கு இடுப்பு கூட இருந்துதா ஒரு காலத்துல?"

வண்டிக்காரன் மட்டும் சடைத்துக்கொண்டான். "ரெண்டு பேரா இருங்க, நாலு பேரா இருங்க, எனக்கு இன்னா? சீட்டு ஒண்ணுதான் சொல்லிட்டேன்."

அன்றைக்குப் பெரியவள் மடியில் சின்னவள் உட்கார்ந்து போனாள். அவள் தலையில் இருந்த கனகாம்பரம் வழியெல்லாம் அம்சவேணியின் மூக்கில் இடித்துக்கொண்டே வந்தது.

நடந்த தப்பு இதுதான். அம்சவேணி பதினெட்டு வயதில் பாலாற்றங்கரையில் இருக்கிற அந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். பூட்ஸின் மேல்தோலுக்குச் சொல்யூஷன் பசை தடவி ஓரம் மடிக்கிற வேலை. கல்யாணம் நிச்சயமானதும், அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல, கல்யாணத்துக்கு நின்றுகொள்கிறேன் என்று சொல்லி நின்றாள். மேஜைக்காரிகள் எல்லோரும் காசு போட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்து அழுதார்கள். பிறகு பிள்ளை பிறந்து, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வந்து, கையிருப்பு கரைந்ததும், அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போலவே, அதே கம்பெனிக்கு, அதே மேஜைக்கு, புது நம்பரோடு திரும்பி வந்தாள். பழைய நம்பரை யாரும் அழிக்கவில்லை. அது எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு வாசலில் விரல் வைக்கிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். விரலை வைத்தால் அதற்குள் இருக்கிற ஒரு பொம்பளை 'தேங்க்யூ' என்பாள், பிடிக்காவிட்டால் 'டிரை அகெய்ன்' என்பாள். அம்சவேணி விரல் வைத்தபோது, பேர் ஒன்றாக இருந்ததால், பழைய நம்பரும் கண்ணைத் திறந்துகொண்டது. அன்றிலிருந்து ஒரு விரலுக்கு இரண்டு ஆள், இரண்டு ஆளுக்கு இரண்டு சம்பளம்.

வடகரைக்குப்பத்துப் பெண்கள் எதையும் ஒளித்துப் பேசத் தெரியாதவர்கள். நாள் தள்ளிப்போனதையும், புருஷன் அடித்ததையும், மாமியார் சோற்றில் உப்பள்ளிப் போட்டதையும் வண்டியிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த மாதம் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் ஒருத்தி இன்னொருத்தியிடம் மூச்சுவிட மாட்டாள். சொன்னால் கண் பட்டு அடுத்த மாதம் குறையும் என்பது அவர்களுக்குள் இருந்த பயம். அதனால் அம்சவேணியும் யாரையும் கேட்கவில்லை. ரொம்ப காலமாகத் தருகிறோம் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த சம்பள உயர்வு வந்துவிட்டது, எல்லோருக்கும்தான் வந்திருக்கிறது, எல்லோரும்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நாமும் மூடிக்கொள்வோம் என்று மூடிக்கொண்டாள். மாசாமாசம் பயந்து பயந்து எடுத்து, மகள் ஜீவிதாவை வேலூரில் நர்ஸ் படிப்பில் சேர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் கதவு வைத்த கக்கூஸ் ஒன்று கட்டினாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட முதல் நாளில், சும்மாவே உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ஆள், சம்பளம், லீவு எல்லாவற்றுக்கும் பொறுப்பான தாமோதரன் சார், கெட்டவர் என்று சொல்ல முடியாதவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ரெண்டு சம்பளம் ஏறினது உனக்குத் தெரியாதா?"

"ஒசத்திட்டாங்கன்னு நெனச்சேன் சார்."

"ஒசத்துனா இரட்டிப்பாவா ஒசத்துவாங்க?"

"நெறைய வருஷமா ஒசத்தலியே சார். சேத்துக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியாத இடத்தில் இருந்தார். "தப்பு மெஷினோடதுதாம்மா. ஆனா மெஷின் சம்பளமா வாங்குது, அதுகிட்ட பிடிக்க? மேல கேக்கறாங்க. மொத்தமாக் கட்டு. முடியாதுன்னா ஒரே விரல்ல ரெண்டு அட்டெண்டன்ஸ் போட்டதா எழுதி போலீசுக்குக் குடுக்கச் சொல்றாங்க."

"இருந்தா கட்டிடுவேன் சார். எல்லாம் காலேஜுக்கும் கக்கூஸுக்கும் போயிடுச்சு."

"அப்போ ஒண்ணு பண்ணு. அந்தப் பழைய நம்பர் ஆளு எங்க கீறாளோ போய்க் கூட்டிக்கினு வா. அவ வேலை செஞ்சு கழிக்கட்டும்" என்று, எரிச்சலில், வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

சொன்னபடி அவள் வந்துவிட்டாள். மேலே இருப்பவர்களுக்கு நம்பரும் விரலும் சரியாக இருந்தால் போதும், முகம் எப்படி இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. தாமோதரன் சாரும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ரெஜினாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லிவிட்டார். மெஷினில் அவள் விரலை வைத்ததும், ஒரே தடவையில், உள்ளே இருக்கிற பொம்பளை 'தேங்க்யூ' என்றாள். அம்சவேணி வைத்தால் மூன்று நான்கு தடவை 'டிரை அகெய்ன்' சொன்ன பிறகுதான் நன்றி வரும். சொல்யூஷனும் தோலும் தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரலில் ரேகை வழுவழுவென்று ஆகிவிட்டது. தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏற்றி, அழுத்த வேண்டும்.

ஊருக்கு அவளைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் பிடிக்கவில்லை. முதலில் பெயர்ச் சிக்கல் தீர்ந்தது: இவள் பெரிய அம்சா, அவள் சின்ன அம்சா. பிறகு முறைச் சிக்கல் வந்தது. அம்சவேணியின் புருஷன் கோதண்டன் என்ன முறை ஆக வேண்டும் அவளுக்கு? புருஷன் என்றால், அவளுக்கு இன்னும் தாலி கட்டவில்லை. யாரோ ஒரு ஆள் என்றால், வயசுப் பெண்ணை எப்படி அந்த வீட்டில் தங்கவைப்பது? ஊர்ப் பெரியவர்கள் கோயிலடியில் உட்கார்ந்து, டீ வரவழைத்துக் குடித்து, பெண்சாதியின் தங்கை முறையாக வைத்துக்கொள்வது, அவள் 'மாமா' என்று கூப்பிடுவது, கோதண்டன் படுக்கையைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். தோல் மண்டியில் கட்டு ஏற்றி இறக்குகிற கோதண்டன், பெண் பார்க்கப் போன நாளில் கதவிடுக்கில் பார்த்த அதே முகத்தைத் தன் அடுப்படியில் பார்த்ததும், வீட்டுக்குள்ளேயே சட்டை போட்டுக்கொண்டு திரிய ஆரம்பித்தான். தலை வாரிக்கொண்டான். "நீங்க சாப்பிட்டீங்களா" என்று அவளைக் கேட்டான். இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு நாள் 'நீங்க' என்று சொல்லாதவன் அவளிடம் சொன்னதை அடுப்புப் பக்கம் இருந்து கேட்ட அம்சவேணி, கோபப்படுவதா, என்னைத்தானே சொல்கிறார் என்று சந்தோஷப்படுவதா என்று புரியாமல், ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

எல்லாவற்றையும் விட, முதல் நாள் சாயங்காலம் நடந்ததுதான் அவளைத் தின்றது. வண்டியை விட்டு இறங்கியதும் சின்ன அம்சா ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு, "நான் போறேன்க்கா, அம்மா தேடும்" என்று பேர்ணாம்பட்டுப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்தாள். அம்சவேணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அம்மா போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது, அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார், வீட்டை விற்றாகிவிட்டது, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரோட்டோரத்தில் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சின்னவள் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அப்போது அழ நேரமில்லாமல், ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைந்து, காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு வடித்து, அழாமலே விட்டுவிட்ட அம்சவேணி, அவள் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரெஜினா வந்து இரண்டு பேர் முதுகிலும் கை வைத்தாள். அன்றைக்குத் தெருவே அவர்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தது, புதுச் சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுவருவது போல.

பிறகு அவள் எங்கேயும் போகிறேன் என்று சொல்லவில்லை. போவதற்கு இடமில்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லை, அவளுடைய சம்பளம் முழுவதும் கம்பெனியிலேயே கழிந்துகொண்டிருந்ததால் கையில் டீக்காசுகூட இல்லை. விடிந்ததும் அம்சவேணி போகிற அதே வண்டியில் போய், அம்சவேணி குனிகிற அதே மேஜையில் குனிந்து, இருட்டுகிற நேரத்துக்கு அதே வண்டியில் திரும்பினாள். சொல்யூஷன் வாசனையில் ஆரம்பத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. "பழகிடும்" என்று சொல்ல வாயைத் திறந்த அம்சவேணி, சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

ஜீவிதாவுக்கும் அவளுக்கும் ஒரே வயசு. முதலில் இரண்டு பேரும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். என் சீப்பை ஏன் எடுத்தே, என் செருப்பை ஏன் போட்டே என்று சண்டை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன அம்சாவின் ஒயர்கூடைக்கு அடியில் சோற்று டப்பாவுக்குக் கீழே ஒரு கணக்குப் புத்தகம் இருந்ததை ஜீவிதா பார்த்துவிட்டாள்.

"இது இன்னாத்துக்கு?"

"பத்தாவதுல கணக்குல மட்டும் போச்சு. திரும்ப எழுதுனா பாஸ் ஆயிடுவேன்னு டீச்சர் சொன்னாங்க. அப்பாதான் ஒரு வருஷம் கம்பெனிக்குப் போ, அப்பறம் பாக்கலாம்னாரு."

கதவோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்சவேணியின் கை நின்றது. அப்படி ஒரு புத்தகம் இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். கம்பெனிக் கூடையில் அதைக் கொஞ்ச நாள் தூக்கிக்கொண்டு திரிந்ததும், பிறகு ஒரு மழைநாளில் அடுப்பு பற்றவைக்க அம்மா அதிலிருந்து தாளைக் கிழித்தபோது ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது. அன்று முதல் ஜீவிதா அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பொறுமையில்லாமல் சொல்லிக்கொடுத்தாள். "எத்தன தடவ சொல்றது, இதுகூட ஏறலயா உன் மண்டையில, அய்யோ அம்மா" என்றவள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்ன அம்சா திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இன்னொரு நாள், துணி அலசும்போது, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா நல்லவராக்கா?"

அம்சவேணி யோசித்தாள். துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"அடிக்க மாட்டாரு."

இப்படியே கார்த்திகை போனது, பொங்கல் போனது. கனகாம்பரம் வைப்பதைச் சின்ன அம்சா விட்டுவிட்டாள். குடியாத்தத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்தார்கள். கம்பெனி வண்டியில் பார்த்தோம், பெண் பிடித்திருக்கிறது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றார்கள், பெரியவங்க நீங்கதான் பேசணும் என்றார்கள். கோதண்டன் முகம் சிவந்து, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றான். "யாரோட?" என்று அவர்கள் கேட்டதற்கு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டான். பழத்தட்டு மட்டும் தங்கிவிட்டது.

தெருப் பெண்களுக்கு உள்ளுக்குள் பொறாமைகூட வந்தது. வீட்டில் இன்னும் இரண்டு கை என்றால் சும்மாவா? "என்னோடது வந்தான்னு வெச்சுக்கோ, மாவாட்டறது, தண்ணி தூக்கறது எல்லாம் அவ தலையில கட்டிட்டு நான் காலை நீட்டிப் படுத்துக்குவேன்" என்றாள் ரெஜினா. சொல்லிவிட்டு, சின்ன அம்சாவின் கட்டைவிரல் ஓரத்தில் சொல்யூஷன் காய்ந்து கறுப்பாக ஏறியிருந்ததைப் பார்த்து, "வேணாம், வராத இருக்கட்டும் அந்தக் கழுத, எங்கனா நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஆடி பிறந்ததும் தாமோதரன் சார் இரண்டு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"இந்த மாசத்தோட கணக்கு நேர் ஆவுது. இனிமே ஒரு விரலுக்கு ஒரு நம்பர்தான். ஒண்ண மூடணும்."

அம்சவேணிக்கு உடம்பெல்லாம் லேசானது. "சரி சார், இவ நம்பர மூடிடுங்க."

"நீ இரும்மா." அவர் சின்ன அம்சாவைப் பார்க்காமல், மேஜைக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "இந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு மடிக்கிறதுல பாதிதான் நீ மடிக்கிறே. அதுலயும் செக்கிங்ல திரும்பி வருது. கண்ணு தெரியல உனக்கு, நான் சொல்லாம இருந்தேன். உன் நம்பர மூடிட்டு இந்தப் பழைய நம்பர வெச்சுக்கச் சொல்றாங்க. உனக்கும் நஷ்டம் இல்லியே? அதே பேரு, அதே அக்கவுண்டு, சம்பளம் உன் வீட்டுக்குத்தான் வரும். நீ வீட்டுல ரெஸ்ட் எடு."

"எத்தினி நாளைக்கு சார்?" என்று சின்ன அம்சா கேட்டாள்.

"அக்கா செஞ்சாங்கள்ல, அதுமாதிரிதாம்மா" என்றார் அவர். "வயசாகுற வரைக்கும். நாளைக்கு வாங்க. மூடற நம்பரப் போட்டு விரல் வெச்சா முடிஞ்சிடும்."

செய்தி வண்டிக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. வடகரைக்குப்பத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் இது நல்ல ஏற்பாடு என்றார்கள். குனிந்து குனிந்து கூன் விழுந்த முதுகுக்கு ஓய்வு வேண்டாமா என்றார்கள். கோதண்டன்கூட, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ எப்பதான் உக்காருவே, உக்காரு" என்றான். அவன் சொன்னதில் கள்ளம் ஏதும் இல்லை. அம்சவேணியின் முதுகும் ஆமாம் என்றது, கண்ணும் ஆமாம் என்றது, இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கிற மணிக்கட்டும் ஆமாம் என்றது. வீட்டில் உட்கார்ந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுகிற வரை தூங்கலாம். ஜீவிதா படிப்பை முடிப்பாள். யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டப்படப்போகிற ஒருத்தியும் வேறு யாரோ இல்லை, நானேதானே, என்னை நானே வேலைக்கு அனுப்பினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தவள், எதிரே சின்னவள் சோற்றைப் பிசைகிற விரலைப் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் ரேகை தேய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் வாசலில், மெஷினுக்கு முன்னால், தாமோதரன் சார் தானே வந்து அம்சவேணியின் நம்பரை அழுத்திக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தோல் லாரி ஒன்று உள்ளே வரப் பார்த்து, கேட்டில் இடித்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் திட்டப் போனார். அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் போட்ட நம்பரை அழித்துவிட்டுப் பழைய நம்பரை அழுத்தினாள். அந்த நம்பர் அவளுக்குப் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும். முதன்முதலில் வாங்கிய சோற்று டப்பாவின் அடியில் ஆணியால் கீறி வைத்தது, இன்னும் அழியவில்லை.

விரலை வைத்தாள். 'டிரை அகெய்ன்' என்றாள் உள்ளே இருப்பவள். முடியில் தேய்த்து வைத்தாள். 'டிரை அகெய்ன்.' மறுகை விரலையும் புடவையில் துடைத்து, ஊதி, அழுத்தி வைத்தாள். 'டிரை அகெய்ன்.' லாரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கம்பெனிக்கே தேய்த்துக் கொடுத்த விரல், ஒரே ஒரு தடவை தனக்கென்று வைக்கும்போது, யாருடைய விரலாகவும் இல்லை.

"நான் வெக்கட்டாக்கா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அம்சவேணி அவள் காதோரம் குனிந்தாள். "நான் போட்டிருக்கறது உன் நம்பரு. வெச்சேன்னா நீ வெளிய. வெளிய உனக்குச் சோறு போட ஆளு இல்ல, கார்டுல பேரு இல்ல, அம்மா வீடு இல்ல. நல்லா பாத்து வெய்யி."

சின்ன அம்சா மெஷினைப் பார்த்தாள், நீள நீளமாக மேஜைகள் கிடக்கிற உள்பக்கத்தைப் பார்த்தாள், பெரியவளின் முகத்தை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததையும் காதோரம் நரைத்திருந்ததையும், ஊருக்குப் புறப்படுகிறவள் வீட்டைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். பிறகு விரலை வைத்தாள்.

'தேங்க்யூ' என்றாள் உள்ளே இருப்பவள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், திருப்பத்தூர்ப் பக்கம் போகிற பஸ் ஒன்று நின்றது. அம்சவேணி தன் சோற்று டப்பாவை அவள் ஒயர்கூடையில் வைத்தாள். கணக்குப் புத்தகத்துக்கு மேலே வைத்தால் குழம்பு கொட்டும் என்று, புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். முந்தானை முடிச்சில் இருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். எங்கே இறங்குவதுக்கா என்று கேட்டாள் அவள். "எங்கனா எறங்கு. எந்த ஊர்லயும் இந்த வண்டில மட்டும் ஏறாத" என்று, கம்பெனி வண்டியைக் காட்டிச் சொன்னாள் அம்சவேணி. தைத்த இடம் வெளியே தெரிய, மஞ்சள் தாவணி படியேறிப் போனது. ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. பஸ் போய்விட்டது.

தாமோதரன் சார் திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மூடின நம்பரைத் திறக்க முடியாது. "பொழைக்கத் தெரியாதவளா இருக்கியேம்மா" என்றார். "சரி. அந்தப் பொண்ணு எவ்ளோ மடிச்சுதோ அந்தக் கணக்கத்தான் இனிமே உனக்குப் போடுவாங்க. கண்ணு தெரியலன்னு என்கிட்ட வந்து நிக்காத."

"சரிங்க சார்."

அவள் உள்ளே போய், தன் ஸ்டூலில் உட்கார்ந்து, தோலை எடுத்துச் சொல்யூஷன் தடவினாள். ரெஜினா காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தாள். மத்தியானம் தன் சோற்றில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

ஊர், வந்ததை எப்படி ஏற்றுக்கொண்டதோ, போனதையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாள் விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கோதண்டன் மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சின்னவள் மடித்த அளவைப் பெரியவள் மடிக்க, விடியுமுன் போகிற வண்டியில் போய், இருட்டின பிறகு வருகிற கடைசி வண்டியில் வந்தாள். வண்டியில் அவளுக்கு ஒரு முழு சீட்டு இருந்தது. சில நாள், பழக்கதோஷத்தில், மடியில் ஆள் உட்கார இடம் விட்டுக் கூடையைத் தள்ளி வைத்துக்கொள்வாள். எங்கே இறங்கினாளோ, என்ன தின்றாளோ, எவன் கண்ணில் பட்டாளோ என்று மடிக்கிற ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு கவலை வைத்து மடித்தாள். கடிதாசு இல்லை, போன் இல்லை.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கின ஒரு காலையில், இன்றைக்குப் பத்தாவதுக்குக் கணக்குப் பரீட்சை, பிள்ளைகள் படிக்கிற நேரம், சத்தம் போடாதே என்று ஊரில் சொன்னதால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்காமல் வந்த நாளில், அம்சவேணி மெஷினில் விரலை வைத்தாள். 'டிரை அகெய்ன்.' முடியில் தேய்த்து வைத்தாள். 'டிரை அகெய்ன்.' பின்னால் வரிசை நீண்டது. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். சொல்யூஷன் ஏறிக் கறுத்திருந்த கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரலின் உள்பக்கம், பேனா அழுந்துகிற இடத்தில், நீலமாக, ஈரம் காயாத மை இருந்தது.

அவள் பேனாவைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

"ஏய், இன்னாடி ஆச்சு, வெய்யி, எல்லாரும் நிக்கறாங்க" என்றாள் பின்னாலிருந்து ரெஜினா.

"விரல் பிடிக்கலடி" என்றாள் அம்சவேணி. அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, மறுகை விரலை முடியில் தேய்த்து, மெஷினில் வைத்து அழுத்தினாள். அது தேங்க்யூ சொன்னது. கதவு திறந்தது. உள்ளே போனாள்.